எட்டு ஓம் என்று ஸ்டிக்கர், மீட்டரில் 3.4

கிட் வாங்கி வீட்டிலேயே ஸ்பீக்கர் கட்டியவர்கள், அதில் டிரைவரை (பெட்டிக்குள் சத்தம் எழுப்புகிற பாகத்தை) மட்டும் மாற்றி அப்கிரேட் செய்யலாம் என்று நினைப்பவர்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 11,400 ரூபாய் போய்விட்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

நான் கோத்தகிரி பக்கம். 2019இல் ஒரு கிட் வாங்கினேன். கனமான ஓசைக்கு ஆறரை இன்ச் வூஃபர் இரண்டு, கீச்சு ஓசைக்கு ஒரு இன்ச் ட்வீட்டர் இரண்டு, ஓசையை இரண்டுக்கும் பிரித்து அனுப்புகிற சின்ன கிராஸ்ஓவர் போர்டு இரண்டு. பெட்டியை மட்டும் எங்கள் ஊர் ஆசாரி 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் செய்து கொடுத்தார். மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை மலிவுதான். ஆனால் எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கினால் வீட்டுக்குள் போட்ட துணியே காயாது, எம்.டி.எஃப். ஓரமெல்லாம் உப்பிவிடும். அந்தப் பெட்டி இன்றைக்கும் அசையவில்லை. வீணானது வூஃபரின் சரவுண்டு. கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம். போன வருடம் விரலால் தொட்டேன், நனைந்த கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபோமுக்கு ஈரம்தான் எமன். அப்பா சாயந்திரம் கேட்கிற கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பி (கனமாக ஒலிக்கும் இடது பக்கம்) விழும்போதெல்லாம் பர்ர் என்று ஒரு கிழிசல்.

ஃபோமை மாற்றுவதற்குப் பதில் நல்ல டிரைவராகவே போட்டுவிடலாம் என்று தோன்றியது. சமவெளியில் ஒரு கடை, ஆன்லைனில்தான் பார்த்தேன். போனில் பேசியவர் அவ்வளவு பணிவு.

"அதே ஆறரை இன்ச்சுங்க சார். ஸ்க்ரூ ஓட்டைகூட மாறாதுங்க. பழசக் கழட்டிட்டு இத மாட்டுங்க, வேற ஒண்ணையும் தொட வேண்டியதில்ல."

வெளிநாட்டுச் சரக்கு, 8 ஓம், வூஃபர் ஒன்று 1.9 கிலோ எடை என்றார். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் அதிக கரன்ட் கொடுக்க வேண்டிவரும். எஃப்.எஸ். (கோன் இயல்பாக அதிர்கிற அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் அடங்குகிறது), வி.ஏ.எஸ். (கோனின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் அளவு) மூன்றும் எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் இன்ஜினியருங்க பாக்கறதுங்க சார், நமக்கு எதுக்கு" என்றார். நான் அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் பெட்டியின் கொள்ளளவும், அதில் காற்று போய்வருகிற போர்ட் குழாயின் நீளமும் அந்த எண்களிலிருந்துதான் வருகின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961இல் இதற்கு அடித்தளம் போட்டார், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இருவர் பெயராலும்தான் அவற்றைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்கிறோம். கோனின் விட்டம் ஒன்றாக இருப்பதால் இரண்டு வூஃபரும் ஒன்றாகிவிடாது. ஒரே சைஸ் செருப்பு என்பதற்காக எல்லோருக்கும் ஒரே நடை வந்துவிடுமா?

கூரியர் வந்தது, வூஃபர் இரண்டு, ட்வீட்டர் இரண்டு. பெரிய மேக்னட், பளபளவென்று ஸ்டிக்கர். ஆசையில் அன்றைக்கே மாட்டிவிட்டேன். பாட்டு போட்டதும் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. பாடுகிறவரின் குரலில் ச, ஸ எல்லாம் மழுங்கியிருந்தன. கீழே தொப்பிக்குப் பதில் டப்பாவைத் தட்டுகிற மாதிரி டொம் டொம். அரை மணி நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகித் தானாகவே நின்றுவிட்டது. அதன் பின்பக்கத்தில் குறைந்தது 8 ஓம் என்று எழுதியிருக்கும்.

போன் செய்தேன். "புதுசுங்க சார், பர்ன்-இன் ஆகணும். நூறு மணி நேரம் ஓட்டுங்க, அப்புறம் பாருங்க." நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "நீங்க மலைமேல இருக்கீங்க, காத்து லேசு. அங்க அப்படித்தாங்க கேக்கும்." இதே மலையில், இதே அறையில், பழைய ஸ்பீக்கர் ஐந்து வருடம் நன்றாகப் பாடியது என்றேன். பதில் இல்லை. இப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது. திருப்பி எடுப்பதற்கு அவர்கள் வைத்திருந்த கெடு ஏழு நாள். பர்ன்-இன் என்று அவர் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. புது வூஃபர் ஓட ஓடக் கொஞ்சம் இளகும், அது உண்மை. அதற்காக ஓம் மாறாது.

பத்தாவது நாள் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். வூஃபர்கள் 3.4, 3.3. ட்வீட்டர் இரண்டும் 3.5. எட்டு ஓம் டிரைவரின் முனைகளில் மீட்டர் வைத்தால் சரியாக எட்டு காட்டாது, ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும். மூன்று சொச்சம் என்றால் அது நான்கு ஓம் டிரைவர். ஆம்ப் ஏன் கொதித்தது என்பதற்கு இதுவே போதும், கரன்ட் இரண்டு மடங்கு இழுத்திருக்கிறது.

குரல் மழுங்கியதற்கும் காரணம் இதேதான். என் கிராஸ்ஓவர் எளிமையானது. ட்வீட்டருக்கு ஒரு 4.7 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், வூஃபருக்கு ஒரு 0.3 மில்லிஹென்றி காயில். எட்டு ஓமுக்கு இரண்டும் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் கைகோக்கும். நான்கு ஓமை மாட்டினால் வூஃபர் 2,100லேயே இறங்க ஆரம்பித்துவிடும், ட்வீட்டர் 8,500க்குப் பக்கத்தில்தான் முழுசாக எழும். நடுவில் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) அகலத்துக்குப் பள்ளம். ச, ஸ போன்ற ஓசைகளின் கூர்மை பெரும்பாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது.

அப்புறம் வூஃபரைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி பருப்புப் பொட்டலத்தை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். 760 கிராம். "என்ன தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றார். வீட்டுக்கு வந்து மேக்னட்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். வெளியிலிருந்து பார்த்தால் பன் அளவு, உள்ளே இருந்த காந்தம் வடை அளவு. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது உறையின் மேல். உள்ளே காந்தத்தின் பின்பக்கத்தில் வேறொரு முத்திரை, அதில் 4 ஓம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

கடைசியாக எஃப்.எஸ்.ஸையும் பார்த்துவிட்டேன். வூஃபரைக் காற்றில் பிடித்தபடி, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, ஆம்ப்பின் சத்தத்தைக் குறைவாக வைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். வூஃபரின் முனைகளில் ஏ.சி. வோல்ட் எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் எஃப்.எஸ். பழைய வூஃபர் 52, புதியது 96 ஹெர்ட்ஸ். பழையதற்காக அளந்த பெட்டியிலும் போர்ட்டிலும் இது டொம் டொம் என்றுதான் சொல்லும். அசல் சரக்காகவே இருந்திருந்தாலும் பெட்டியையும் கிராஸ்ஓவரையும் கணக்குப் பார்க்காமல் மாட்டியிருக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் விற்றதும் ஏமாற்றுதான்.

படங்களை அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். கையில் இருக்கிற பில்லை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மேலே "எஸ்டிமேட்" என்று போட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் இல்லை, மாடல் பெயர் இல்லை, "ஸ்பீக்கர் 4" என்று மட்டும். நீங்கள் வாங்கினால் மாடல் எண்ணும் ஓமும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வரும் என்று உறுதி வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள். பார்சலைப் பிரிப்பதையும் மீட்டர் வைப்பதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். ஸ்க்ரூவைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். "பொருள் நல்ல நிலையில் அனுப்பப்பட்டது" என்று கடையிலிருந்து ஒற்றை வரி பதில். அடுத்தது ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தராசில் எடுத்த படம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய வூஃபருக்குப் புது ஃபோம் வளையம் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டினேன். ரப்பர் போட்டால் எடை கூடி எஃப்.எஸ். மாறும், அதனால் ஃபோமே. இன்னும் ஐந்தாறு வருடத்தில் மறுபடி உதிரும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அப்பா கச்சேரி போட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் ஒரு புள்ளி கூட்டினார். வந்த டிரைவர்கள் நான்கும் உரித்த உறையோடு அதே அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் இருக்கின்றன. ஆணையத்தில் கூப்பிடுகிற அன்று மல்டிமீட்டரையும் கூடவே எடுத்துப் போவேன்.