மூன்று நிமிட வீடியோ: மூன்று வருட அனுபவம்

என் மகன் 29 வாரத்திலேயே பிறந்தான், எடை 1,100 கிராம். தலை ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ரத்தக்கசிவு தெரிந்தது. செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) வர வாய்ப்பு உண்டு என்று டிஸ்சார்ஜ் அன்றே மதுரையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கம். கைக்குழந்தையோடு அடிக்கடி மதுரைக்கு அலைய முடியாது என்றதும், குழந்தையின் அசைவுகளை வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார்.

பிரசவத்துக்கு முதலில் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிட்டு 12-வது வாரம் ஒன்று, 15-வது வாரம் ஒன்று. பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த வயதில் கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் சின்னச் சின்னச் சுழல் அசைவுகள் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கை கால் உதைப்பது வேறு, இது வேறு. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. செரிபிரல் பால்சி உள்ள குழந்தைகளில் 98 சதவீதம் பேரை இது ஐந்து மாதத்துக்குள் கண்டுபிடித்துவிடும் என்று 2017-ல் வந்த ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இதற்கென்றே 'பேபி மூவ்ஸ்' என்ற ஆப் உருவாக்கினார்கள். எங்களுக்குச் சாதாரண போன்தான்.

மூன்று நிமிடம்தானே என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது! பிள்ளை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது, கை வாயில் இருக்கக் கூடாது. தூளியில் எடுக்கக் கூடாது, பாயில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். காப்பு, தண்டையைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்றதும் அத்தை பேரனைக் கொஞ்ச முடியாமல் தவித்துப்போனார். பால் குடித்து அரை மணி கழித்து எடுத்ததுதான் சரியாக வந்தது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இரண்டு வீடியோவிலும் அந்த அசைவுகள் இல்லை. அன்று இரவு நான் தூங்கவே இல்லை. உள்ளூரில் ஒரு டாக்டர், "குறைமாதப் பிள்ளை, மெதுவாகத்தான் வரும், ஒரு வயது வரை பாருங்கள்" என்றார். அதைக் கேட்டு இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். வீடியோ மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. மதுரைக்கு வரவழைத்து நரம்புப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்த பிறகே உடலின் இடது பக்கம் செரிபிரல் பால்சி பாதிப்பு என்று உறுதி சொன்னார்கள்.

அந்த வாரமே பயிற்சி ஆரம்பம். வலது கையில் மெல்லிய துணி உறை மாட்டி, தினமும் அரை மணி நேரம் இடது கையால் மட்டும் விளையாட விடுவோம். முதல் மாதம் வெறும் அழுகைதான். அப்புறம் ஒருநாள் இடது கையை நீட்டிக் கிலுகிலுப்பையைத் தொட்டான்.

இப்போது மூன்று வயது. காலில் ஸ்ப்ளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கிறான். சாப்பிடும்போது இடது கை தட்டைப் பிடித்துக்கொள்கிறது, சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. பயிற்சியை வீடியோ காலிலேயே பார்த்துத் திருத்துகிறார்கள். கால் வளர வளர ஸ்ப்ளின்ட்டுக்குப் புதிதாக அளவு எடுக்க மட்டும் மதுரைக்குப் பஸ் ஏறுகிறோம்.