செங்கல் தளம் போட்டு ஏழு வருஷம்: தண்ணீர் தேங்கிய இடம் சொன்ன கணக்கு

வீட்டுக்குப் பின்னால் உட்காருவதற்காக ஒரு செங்கல் தளம் போட்டோம். இரண்டாம் வருஷம், மழை விட்டதும் பின்வாசலில் நின்று பார்த்தால் நான் எங்கே காசை மிச்சம் பிடித்தேன் என்று யாரும் சொல்லிவிடலாம். அங்கேதான் தண்ணீர் நிற்கும். மூன்றாம் வருஷம் அந்தப் பகுதியை மட்டும் பிரித்து மறுபடி போட்டோம். இப்போது ஏழாவது வருஷம் நடக்கிறது. மொத்தத்தில் திருப்திதான். ஆனால் அந்தத் திருப்திக்கு இரண்டு தடவை செலவு செய்திருக்கிறேன்.

தளம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நீளப் பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டியது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இடம், ஓரத்தில் செடித் தொட்டிகள். 20 சதுர மீட்டரில் இவ்வளவுதான் கொள்ளும். வெறும் மண் தரையில் மேஜை நாற்காலியைப் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்தோம். மொத்த வேலையிலும் நாங்கள் புத்தியோடு செய்தது இது ஒன்றைத்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

பட்ஜெட் என்று நான் நோட்டில் எழுதியது செங்கல் விலையையும் ஆள் கூலியையும் மட்டும். கடைசியில் ஆன செலவை 100 பங்காகப் பிரித்தால் செங்கலுக்குப் போனது 38. ஜல்லி, மணல், வண்டி வாடகை மூன்றும் சேர்ந்து 22. தோண்டுவது, மண்ணை அப்புறப்படுத்துவது, பாவுவது எல்லாவற்றுக்கும் கூலி 27. இயந்திர வாடகையும் வெட்டும் பிளேடும் 8. ஓரம் கட்டிய சிமெண்டு வேலை 5. செங்கல் தளம் என்று பெயர்தான், முக்கால்வாசிப் பேர் விசாரிப்பதும் செங்கல் விலையைத்தான். ஆனால் பணத்தில் பெரும்பங்கு செங்கலுக்கு வெளியே போய்விடுகிறது.

முதல் அதிர்ச்சி மண். செங்கல் கனம் 6.5 செ.மீ., அதன் கீழே மணல் 2.5 செ.மீ., அதற்கும் கீழே ஜல்லி 10 செ.மீ. ஆக 19 செ.மீ. ஆழம் தோண்ட வேண்டும். 20 சதுர மீட்டருக்கு 3.8 கன மீட்டர். ஆனால் தோண்டி எடுத்த மண் இளகிப் பெருத்துவிடும். கால் பங்கு கூடிவிட்டது என்று வைத்தாலே ஐந்து கன மீட்டரைத் தொடுகிறது. அந்தக் குன்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று நான் யோசித்திருக்கவே இல்லை. பத்து நாள் வாசலில் கிடந்தது.

இரண்டாவது தப்பு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. மண் இளகினால் பெருக்கும் என்றால், ஜல்லியைக் கெட்டித்தால் சுருங்கும். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. 20 சதுர மீட்டர், 10 செ.மீ. கனம், ஆகவே 2 கன மீட்டர் என்று பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டு, சரியாக 2 கன மீட்டர் வாங்கினேன். இரண்டரை வாங்கியிருக்க வேண்டும். கெட்டித்துக்கொண்டே போனதில் நீளத்தில் கடைசி ஒரு மீட்டருக்கு நாலு செ.மீ. ஜல்லிதான் மிஞ்சியது. இன்னொரு நடை வண்டி என்றால் இன்னொரு வாடகை. அந்தப் பள்ளத்தை மணல் போட்டு நிரப்பச் சொன்னேன்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, மணல் மெத்தை மாதிரி. மெத்தைக்கு அடியில கட்டில் இருக்கணும்” என்றார். நான் கேட்கவில்லை. அவரும் ஒரு அளவுக்கு மேல் வாதாடவில்லை, வீடு என்னுடையது.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. வாட்டம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம். 4 மீட்டருக்கு 8 செ.மீ. எனக்கு அது ரொம்ப அதிகமாகப் பட்டது, மேஜை சாய்ந்து நிற்குமே என்று பாதியாகக் குறைக்கக் கேட்டேன். முடியவே முடியாது என்றார். அதையும் மணலில் கொடுத்துச் சரிக்கட்டாமல், தோண்டும்போதே மண்ணில் கொடுத்தார். மணலில் கொடுத்தால் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிசாகவும் போய்விடும், கனமான பக்கம் பின்னால் இறங்கும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்டிருக்கும் டிபிசி படைக்கு 15 செ.மீ. கீழேயே தளத்தின் மேல்மட்டம் நிற்க வேண்டும் என்பதிலும் பிடிவாதம். இந்த இரண்டும் அப்போது எரிச்சலாக இருந்தன. ஏழு வருஷத்தில் வீட்டுச் சுவரில் ஒரு சொட்டு ஓதம் ஏறவில்லை. சாய்வு கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. பையன் பந்து விளையாடும்போது மட்டும் தெரியும், எங்கே உதைத்தாலும் பந்து அதே ஓரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

செங்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவர் கட்டும் செங்கல் வேறு, தரையில் பாவுவதற்கென்றே அதிகச் சூட்டில் சுட்ட செங்கல் வேறு. விலையிலும் நல்ல வித்தியாசம் உண்டு. இரண்டும் சிவப்புதானே என்று எனக்குச் சந்தேகம். வகைக்கு ஒரு கல்லாக வாங்கிவந்து எடை போட்டுப் பார்த்தேன். காய்ந்த சுவர்ச் செங்கல் 3,000 கிராம் இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து எழுந்தபோது 3,500. தளச் செங்கல் 2,700-லிருந்து 2,860-க்குத்தான் போனது. அதாவது ஒன்று தன் எடையில் 17 சதவீதம் தண்ணீர் குடிக்கிறது, மற்றது 6 சதவீதம். ஒரு வாளியும் ஒரு தராசும் இருந்தால் போதும், எந்தக் கடைக்காரரின் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பதும் உதவும்: நன்றாக வெந்த கல் கணீரென்று ஒலிக்கும், வேகாத கல் மொத்தென்று சத்தம் போடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வெளி ஓரத்து வரிசை சுவர்ச் செங்கலில்தான் அமைந்தது. காரணம் மீன்முள் வடிவம். முதலில் நேர் வரிசையாகப் பாவுவதாகத்தான் திட்டம். சதுர மீட்டருக்கு 50 கல், 20-க்கு 1,000, சேதாரத்துக்கு 5 சதவீதம் கூட்டி 1,050 வாங்கியிருந்தோம். வேலை தொடங்கும் நாள் காலையில், சாய்வாக 45 டிகிரியில் மீன்முள் மாதிரி போட்டால் அழகாக இருக்குமே என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. அழகுதான். கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் நகராமல் நிற்பதும் உண்மை. ஆனால் நாலு ஓரத்திலும் ஒவ்வொரு கல்லையும் சாய்வாக வெட்ட வேண்டும், வெட்டிய துண்டில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். 10 சதவீதம் கூடுதலாக வாங்கியிருந்தால் போதியிருக்கும். பாய் பின்னல் வடிவத்துக்கு வெட்டு குறைவு, நீளம் அகலத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். சிந்து சமவெளி நகரங்களின் சுட்ட செங்கலும் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற கணக்கில்தான் இருக்கும். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் யோசித்து வைத்ததை நான் யோசிக்கவில்லை. கல் தீர்ந்தது, வீடு கட்டி மிஞ்சிய சுவர்ச் செங்கல் மூலையில் கிடந்தது, ஓரத்துக்குப் போட்டுவிட்டோம்.

வெட்டும் வேலையை நானே பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும்.

அப்புறம் தளம் எப்படி வயதானது என்று சொல்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் மேலே வெள்ளையாக உப்பு பூத்தது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆசிட் ஊற்றிக் கழுவு என்று நாலு பேர் சொன்னார்கள். மேஸ்திரி மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கு, தண்ணீர் ஊற்றாதே என்றார். தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள் போய், காயும்போது திரும்ப வெளியே வரும். தேய்த்துத் தேய்த்து ஒரு வருஷத்தில் ஓய்ந்தது. பளபளப்புக்காக மேலே எதையும் பூசவில்லை. உள்ளே உப்பும் ஈரமும் இருக்கும்போது மேலே மூடி போட்டால் அவை போகும் வழி ஏது?

இரண்டாவது மழைக்காலத்தில் அந்தக் கடைசி ஒரு மீட்டர் பட்டை இறங்கத் தொடங்கியது. நேரான பலகையை வைத்துப் பார்த்தால் நடுவில் 2 செ.மீ. பள்ளம். மற்ற 16 சதுர மீட்டர் அப்படியே இருந்தது. ஒரே செங்கல், ஒரே மேஸ்திரி, ஒரே மழை, வித்தியாசம் அடியில் மட்டும்தான்.

செங்கல் தளத்தின் உண்மையான லாபம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணல்மேல் பாவியிருப்பதால் கல்லைப் பிடுங்கலாம். முதல் கல்லை எடுப்பதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவரை விட்டு மாற்றி மாற்றி நெம்பினேன், அரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் 200 கல்லும் மடமடவென்று வந்துவிட்டன. மணலை அள்ளிவிட்டு, ஜல்லியை இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் தனியாகக் கெட்டித்து, 25 மி.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்களைப் படுக்க வைத்து அவற்றின்மேல் பலகையை இழுத்து மணலை மட்டமாக்கி, எடுத்த கல்லையே திரும்பப் பாவினோம். இரண்டு சனி ஞாயிறு வேலை. கான்கிரீட் தரையாக இருந்திருந்தால் உடைத்து எறிந்திருக்க வேண்டும். அன்றைக்கு வேண்டாம் என்று விட்ட அரை கன மீட்டர் ஜல்லியை இப்போது வாங்கினேன். இயந்திர வாடகையும் கூலியும் இன்னொரு தடவை.

அடுத்தது ஓரத்துச் சுவர்ச் செங்கல். நாலாம் வருஷத்திலிருந்து மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது, சில கற்களை விரலால் சுரண்டினாலே பொடி உதிர்கிறது. உறைபனி விழும் ஊர்களில் இதைவிடச் சீக்கிரம் போய்விடும், உள்ளே போன தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லை உடைக்கும். நல்லவேளை, ஓரத்தைத் தாங்குவது அந்தக் கல் இல்லை, அதற்கு வெளியே மண்ணுக்குள் மறைந்திருக்கும் கான்கிரீட் அணைப்பு. அது இல்லாமல் போட்ட ஒரு தளத்தை வேறு ஒரு வீட்டில் பார்த்தேன், ஓரத்துக் கற்கள் வரிசை கலைந்து புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன.

இடுக்குகள் ஓயாத வேலை. எறும்பு மணலை வெளியே குவித்துக்கொண்டே இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை காய்ந்த மணலைக் கொட்டிப் பெருக்கி நிரப்புகிறேன், அரை நாள் ஆகும். களை பெரும்பாலும் கீழேயிருந்து முளைப்பதில்லை, மேலே விழும் விதையும் தூசியும்தான் காரணம். ஆகவே அடியில் பிளாஸ்டிக் விரித்தால் களை வராது என்பதை நம்ப வேண்டாம், தண்ணீரைத்தான் தடுக்கும். களிமண் நிலமாக இருந்தால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது வேறு விஷயம், அது ஜல்லி சேற்றில் அமிழாமல் காக்கும். தண்ணீர் பட்டால் இறுகும் பாலிமர் மணலை ஒரு பகுதியில் முயன்றேன். கல்மேல் ஒட்டிய தூளைச் சுத்தமாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டேன், வெள்ளைப் படலம் படிந்து போக மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷம் எறும்பு வரவில்லை, அப்புறம் விரிசல் விட்டது, எறும்பும் வந்துவிட்டது. பாசியைப் போக்க ஒரு தடவை பிரஷர் வாஷர் இரவல் வாங்கி அடித்தேன். பாசியும் போனது, இடுக்கு மணல் மொத்தமும் போனது. நிழல் விழும் அந்த மூலையில் ஒரு கிளையை வெட்டிய பிறகு பாசி பாதியாகக் குறைந்தது.

பணம் போதவில்லை என்றால் தளத்தைச் சின்னதாக்குங்கள், ஜல்லியை மெலிசாக்காதீர்கள். நேர் வரிசை போடுங்கள், வெட்டு மிச்சம். மண் அள்ளுவதையும் கடைசி மணல் பெருக்குவதையும் நீங்களே செய்யலாம். போட்ட பட்ஜெட்டில் 15 சதவீதம் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு அது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வேலையின்போது உபரியாக 40 கல் வாங்கிக் கொட்டகையில் அடுக்கினேன். இப்போது 11 மிச்சம். வெயிலும் மழையும் படாமல் இருந்ததால் அவை இன்னும் புதுச் சிவப்பு, தளத்தின் நடுவில் ஒன்றை வைத்தால் பல்லிளிக்கும். அதனால் நடுவில் ஒரு கல் உடைந்தால், செடித் தொட்டிக்கு அடியில் இருக்கும் பழைய கல்லைப் பிடுங்கி அங்கே போடுவேன். புதுக் கல் தொட்டிக்கு அடியில் போய்விடும்.