பூட்டு இல்லாத பேனாக்கத்தி: லண்டனில் ஏழு வருடம்

போன வாரம் ஈரோட்டிலிருந்து நண்பன் கேட்டிருந்தான். மகன் செப்டம்பரில் லெஸ்டருக்குப் படிக்க வருகிறான், கிளம்பும்போது நல்ல பேனாக்கத்தி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறானாம். "நீ வருஷக்கணக்கா வச்சிருக்கியே, எப்படிடா இருக்கு?" வாட்ஸ்அப்பில் "சூப்பர்" என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அடித்ததே இடது கையால்தான். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு தையல், மேலே கட்டு. உபயம், அதே கத்தி.

கத்தியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் புகார் ஒரு கம்பெனியின் மேல் இல்லை, அந்த ஜாதிக் கத்திகள் எல்லாவற்றின் மேலும்தான். எடை, எஃகு, விலையெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: இதில் பூட்டு கிடையாது. திறந்த அலகை முதுகுப்பக்கத்து ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். புதிதில் அந்த ஸ்பிரிங் ஜோராக இருந்தது. நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் பாதியில் கொஞ்சம் முரண்டு பிடித்து, அப்புறம் 'டக்' என்று போய் நிற்கும். ஏழு வருடத்தில் அந்த 'டக்' தேய்ந்து 'ட்' ஆகிவிட்டது.

விபத்து நடந்தது என் தோட்டத்தில். தோட்டம் என்றால் நகரசபை வாடகைக்கு விடும் துண்டு நிலம். மிளகாய் நாற்று வைக்க ஒரு கிலோ தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட வேண்டியிருந்தது. கத்தி முனையை வைத்து அழுத்தினேன். முனை பிளாஸ்டிக்கில் சிக்கி நின்றது, என் கை முன்னால் போனது, அலகு மடங்கி விரலுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. வெட்டுவதற்கு இழுத்தால் ஒன்றும் ஆகாது. குத்தினால்தான் வினை. தெரிந்தேதான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூட்டு வைத்த கத்தி வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். இங்கிலாந்தில் அதுதான் சிக்கல். 1988-ஆம் வருடத்துக் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆவது பிரிவு. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியோ கூர்மையான பொருளோ வைத்திருப்பது குற்றம், அதிகபட்சம் நான்கு வருடம் உள்ளே. விலக்கு மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டும். அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 சென்டிமீட்டரை, தாண்டக் கூடாது. பூட்டைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. நீதிமன்றங்கள்தான் பின்னால் விளக்கம் சொல்லின: எந்த நேரமும் சும்மா அழுத்தினால் மடங்க வேண்டும், பொத்தானையோ வளையத்தையோ நகர்த்தினால்தான் மடங்கும் என்றால் அது சட்டம் சொல்லும் மடக்குக் கத்தி ஆகாது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆக, என் விரலைக் கடித்த அந்தக் குணம்தான் கத்தியைச் சட்டப்படி சாதுவாக்குகிறது. தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்து எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

பிரான்ஸின் ஓப்பினெல் கத்தியைப் பாருங்கள். மரப்பிடி, கழுத்தில் திருகும் வளையம். அந்த வளையத்தால் 6-ஆம் எண்ணும் அதற்குப் பெரியதும் இங்கே பூட்டுக் கத்திக் கணக்கில் போய்விடும். வளையம் இல்லாத 5-ஆம் எண் தப்பிக்கும். ஸ்பைடர்கோ கம்பெனி இந்த ஊருக்கென்றே 'யூகே பென் நைஃப்' என்று பெயர் வைத்து, பூட்டைக் கழற்றி, 3 அங்குலத்துக்குள் ஒன்று செய்து விற்றது. சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

என்னிடமும் 8-ஆம் எண் ஓப்பினெல் ஒன்று உண்டு. தோட்டத்துக் கொட்டகையை விட்டு அது வெளியே வராது. தோட்ட வேலைக்குக் கொண்டு போகிறேன் என்பது தக்க காரணம்தான். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ் இல்லை, நான். வேலை முடிந்து வரும் வழியில், கோட்டுப் பையில் அது கிடப்பதை மறந்து ஈஸ்ட் ஹாமில் இறங்கி இட்லி சாப்பிடப் போனால் கதை வேறு. மறந்துவிட்டேன் என்பது மட்டும் காரணம் ஆகாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன. நான் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆள்.

நம்மூரில் ஆயுத விதிகளின் அளவே வேறு. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால்தான் கேள்வி, வீட்டுக்கும் வயலுக்கும் செய்ததென்றால் அதுவும் இல்லை. திருப்பாச்சியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மூன்றங்குலத்தின் அருமை புரிய நாளாகும்.

திட்டியது போதும், நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஏழு வருடத்தில் நான் அதிகம் கைவைத்த சாமான் ஃபோனுக்கு அடுத்து இதுதான். ஆரஞ்சு, பார்சல், சணல் கயிறு, ஊரிலிருந்து அம்மா ஏழு சுற்று டேப் ஒட்டி அனுப்பும் பொடிப் பொட்டலம் என்று எல்லாவற்றுக்கும் இதுதான். மாதம் ஒரு தடவை சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளித் தோல் தானாக விலகும். பையில் கிடப்பதே தெரியாது. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு தடவை அருங்காட்சியக வாசலில் காவலர் எடுத்து வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். சட்டம் விட்டாலும் கட்டடக்காரர் விட வேண்டுமில்லையா.

பத்துக்கு எட்டரை கொடுப்பேன். ஆனாலும் பையனுக்கு வாங்கிக் கொடுக்காதே என்றுதான் நண்பனுக்கு எழுதினேன். விரலுக்குப் பயந்து இல்லை, வாய்க்குப் பயந்து. பத்தொன்பது வயதுப் பையனை இரவு ரோட்டில் நிறுத்தி, எதற்குடா கத்தி என்று கேட்டால் என்ன சொல்வான்? "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்பான். அந்த ஒரு வார்த்தை போதும். அடுத்தவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் இரண்டங்குலக் கத்தியும் 1953-ஆம் வருடத்துச் சட்டப்படி ஆயுதம்தான். பழம் நறுக்க விடுதிச் சமையலறையில் கத்தி இருக்கும், பார்சல் பிரிக்கக் கத்தரிக்கோல் போதும்.

இவ்வளவையும் கட்டுப் போட்ட விரலோடு அடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"சரிடா. அப்போ பூட்டு இருக்கிறதாப் பார்த்து வாங்கிடவா?"