ஆட்சென்ஸா, கடை விளம்பரமா? ஒரு மாடித்தோட்டப் பதிவின் வரவு செலவு

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு வலைப்பதிவு எழுதுகிறேன். நான்கு வருடமாக இதுதான் முழுநேர வேலை, வீட்டுச் செலவும் இதிலிருந்துதான். முதல் இரண்டு வருடம், நம் பக்கத்தில் கூகுளே விளம்பரம் போட்டு அதில் பங்கு தரும் ஆட்சென்ஸை மட்டுமே நம்பினேன். இப்போது விதைக்கடை, நாற்றுப்பண்ணை, மண்புழு உரம் விற்பவர்கள் நேரடியாகத் தரும் விளம்பரம்தான் முதல் வருமானம். ஆட்சென்ஸையும் எடுத்துவிடவில்லை, கட்டுரைக்குக் கீழே ஓடுகிறது. ஆனால் "எதில் தொடங்குவது?" என்று யாராவது கேட்டால் கடைகளிடம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஆட்சென்ஸ் சுலபம். 2018இல் தமிழுக்கும் வந்துவிட்டது, அவர்கள் தரும் 'கோட்' வரிகளைத் தளத்தில் ஒட்டினால் போதும், யாரிடமும் பேரம் பேச வேண்டாம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அதனால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு ரேட் குறைவு என்பதும் தெரிந்த கதைதான். கடை விளம்பரத்தில் ரேட்டை நாமே வைக்கலாம், ஆனால் போன் போட வேண்டும், பில் அனுப்ப வேண்டும், பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

என் முடிவை மாற்றியது ரேட் அல்ல, தேதி. பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, செலவு எந்தத் தேதியில் வந்து நிற்கிறது என்பதுதான்.

ஆட்சென்ஸில் ஜூன் மாத வருமானம் ஜூலை முதல் வாரத்தில் முடிவாகும். 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள், வங்கியில் ஏற இன்னும் சில நாள். இதுவும் மொத்தம் 100 டாலரைத் தொட்டிருந்தால்தான். ஜூனில் 70, ஜூலையில் 65 என்று வந்தால், ஜூனில் உழைத்த காசை ஆகஸ்ட் கடைசியில்தான் பார்க்க முடியும். செல்லாத கிளிக் என்று கழிப்பது வேறு. ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி ரேட் ஏறும், ஜனவரியில் சடாரென்று இறங்கும்.

என் பெரிய செலவோ ஜூனில் வருகிறது. ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடத்தை, முதல் வருடம் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். ரினியூவலுக்கு 7,900 கேட்டார்கள். முதல் வருட விலை தள்ளுபடி விலை என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. தளத்தின் பெயரான டொமைனுக்குத் தனி. அந்த ஜூனில் ஆட்சென்ஸ் கணக்கில் 83 டாலர் கண்ணெதிரே இருந்தது, எடுக்க முடியவில்லை. மனைவியின் சேமிப்பிலிருந்து வாங்கிக் கட்டினேன்.

அடுத்த வருடம்தான் புரிந்தது, என் துறையின் பணம் ஆடியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாடித்தோட்டக்காரர்களுக்கும் பொருந்தும். விதை விற்பவர்கள் வைகாசியிலும் ஆனியிலும்தான் விளம்பரத்துக்குக் காசு எடுப்பார்கள், ரினியூவலும் அப்போதுதான் வருகிறது. இரண்டையும் பொருத்திவிட்டேன். முதலில் பேசிய நாற்றுப்பண்ணைக்காரர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, பணத்தைத் தீபாவளிக்கு மேல வாங்கிக்கிறீங்களா?"

"ஆடிக்குத்தானுங்கண்ணா நீங்க விக்கறீங்க. ஆடிக்கு முன்னாடியே குடுத்துருங்க. ஆறு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்தா மாசம் ஆயிரத்து ஐந்நூறு, மாசா மாசம்னா ரெண்டாயிரம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு 9,000 ரூபாயை அங்கேயே ஜிபே செய்தார். முன்பணத்துக்குக் குறைந்த விலை என்பதைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு ஒருமுறை விளம்பர ஏஜென்சி வழியாகப் போனேன். 45 நாளில் தருவதாகச் சொன்னவர்கள் ஆறு மாதம் இழுத்தார்கள். டிடிஎஸ் என்று பிடித்த வரியும் என் பான் கணக்கில் ஏற்றப்படவில்லை, அதற்கும் தனியாக அலைந்தேன். அதன் பிறகு ஏஜென்சியிடம் போகவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பணம் கைக்கு வந்த அன்றே வருமானம் ஆகிவிடாது. 9,000 வந்தால் நான் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன். மாதம் முடிந்ததும் 1,500ஐ மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுவேன். ரினியூவலுக்கு மட்டும் அந்தக் கணக்கில் கை வைப்பேன், அதையும் இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் ஒருமுறை என் பெயரைக் காப்பாற்றியது. ஒரு கடையின் வெண்டை விதை முளைக்கவில்லை என்று வாசகி ஒருவர் எழுதினார். அதே லாட் பாக்கெட்டை வாங்கி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் 20 விதை போட்டேன். பத்தாம் நாள் எழுந்தது நான்கு. மீதிக் குழிகளைக் கிளறினால் விதை ஊறி மெத்தென்று நசுங்கியது. கடைக்காரர் வெயிலைக் காரணம் சொன்னார். பக்கத்துத் தட்டில் வேறு விதை 17 முளைத்து நிற்கும் படத்தை அனுப்பினேன், பதில் இல்லை. விளம்பரத்தை எடுத்துவிட்டு மீதி நான்கு மாதத்துக்கான 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். செலவழித்திருந்தால் அந்த விளம்பரத்தை ஓடவிட்டிருப்பேன், மனம் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். ஆட்சென்ஸில் இந்தச் சங்கடமே இல்லை. அங்கே யார் விளம்பரம் வருகிறது என்று வாசகர் நம்மைக் கேட்பதில்லை. கடை விளம்பரத்தில் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் விதை வாங்குகிறார்கள். அதனால்தான் எந்த விதையையும் நான் முளைக்க வைத்துப் பார்க்காமல் போடுவதில்லை. "விளம்பரம்" என்று மேலேயே எழுதிவிடுகிறேன், பணம் வாங்கிப் போட்ட இணைப்பில் "ஸ்பான்சர்டு" டேக் வைத்துவிடுகிறேன். கூகுள் தேடலும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

வரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் வருமானம்தான். ஹோஸ்டிங், டொமைன், இன்டர்நெட்டில் வேலைக்கான பங்கு, குழித்தட்டு, விதை எல்லாவற்றுக்கும் பில்லை மாதவாரியாகச் சேர்த்து வைத்தால் ஆடிட்டருக்கு வேலை குறையும். ஆட்சென்ஸ் டாலரில் வருவதால் வங்கியில் முதல்முறை என்ன காரணத்துக்கான பணம் என்று கேட்பார்கள், அமெரிக்க வரிப் படிவத்தையும் கூகுள் கணக்கில் நிரப்ப வேண்டும். ஒருநாள் வேலை, அவ்வளவுதான்.

வாசகர் கிளிக் செய்து வாங்கினால் கமிஷன் தரும் அமேசான் இணைப்பையும் போட்டுப் பார்த்தேன். என் வாசகர்கள் படித்துவிட்டு வாரக் கடைசியில் நேரில் போய் வாங்குகிறவர்கள், கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட மாட்டார்கள். சந்தா முறையை மூன்று மாதம்தான் ஓட்டினேன், 11 பேர் சேர்ந்தார்கள். அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்க வாசகர்களைப் பிடித்தவர்களுக்கு ஆட்சென்ஸே போதுமானதாக இருக்கலாம், அந்த அனுபவம் எனக்கில்லை. சினிமா, வேலைவாய்ப்பு எழுதுகிறவர்களுக்கும் பக்கத்துக் கடைக்காரர் கிடைப்பது கஷ்டம். என் கணக்கு, தெருவில் கடை இருக்கிற துறைகளுக்கானது: சமையல் பாத்திரம், தையல், மீன் தொட்டி, நாட்டுக்கோழி, இப்படி.

இந்த வருடம் கடை விளம்பரத்துக்கு மூன்று இடங்களை ஒதுக்கியிருக்கிறேன். இரண்டுக்கு ஆள் வந்தாயிற்று. மூன்றாவதற்கு ஒண்டிப்புதூரில் ஒரு மண்புழு உரக்காரர் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறார். அதைப் போட்ட தக்காளி பூ எடுக்கட்டும், பிறகு ரேட் பேசுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.