எச்டி வீட்டு வீடியோவை டிஸ்க்கில் ஏற்றும்போது: இன்டர்லேஸை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?

இன்டர்லேஸ் என்பது ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து எடுக்கும் முறை. கேமராவில் பளிச்சென்று இருந்த 1080 இன்டர்லேஸ் வீடியோ, டிவிடி ஆனதும் மூன்று விதமாகக் கெடும். ஓடுகிற குழந்தையின் கையோரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நிற்கும். இல்லையென்றால் கை இரண்டாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் காட்சி முன்னும் பின்னும் உதறும். மூன்றுக்கும் பொதுவாக 'இன்டர்லேஸ் கோளாறு' என்று பெயர் வைத்து, எடிட்டிங் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் (இன்டர்லேஸைக் கழற்றி முழுப் படமாக்குவது) என்கிற பெட்டியை டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுவோம். கணினித் திரையில் வீடியோவை நிறுத்திப் பார்க்கும்போது தெரிகிற சீப்புக் கோடு கோளாறே அல்ல. 50 ஹெர்ட்ஸ் முறையில் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது முழுப் படத்திலும், இரண்டு ஃபீல்டுகள், அதாவது இரண்டு பாதிப் படங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் 1/50 நொடி இடைவெளி. இரண்டையும் ஒரே படமாகக் காட்டினால் அசைகிற பொருளின் விளிம்பு பிசிறத்தான் செய்யும். டிவி இதைத் தானே பிரித்துக் காட்டிவிடும். ஆகவே ரெண்டர் ஆன (எடிட் முடிந்து இறுதியாக எழுதப்பட்ட) கோப்பைக் கணினியில் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மறுபடி எழுதக்கூடிய டிவிடியில் ஒரு நிமிடத் துண்டை ஏற்றி டிவியில் போட்டுப் பாருங்கள்.

புளூரேவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. புளூரே தரநிலை 1080 இன்டர்லேஸை அப்படியே ஏற்கும். கேமரா கொடுத்த ஃபீல்டுகளைத் தொடாமல், அளவை மாற்றாமல், அதே ஃபீல்டு வரிசையில் (மேல், கீழ் ஃபீல்டுகளில் எது முதலில் என்பது) ரெண்டர் செய்தால் போதும். சாதாரண டிவிடி தட்டிலேயே ஏவிசிஎச்டி (எச்டி கேமராக்கள் பதிவு செய்யும் ஒரு முறை) வடிவில் எழுதுவதும் இதே வழிதான். அதை ஓட்ட புளூரே பிளேயர் வேண்டும், எல்லா பிளேயரும் ஏற்காது. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) வரம்பு 18 மெகாபிட், 4.7 ஜிபி தட்டில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொள்ளும். டிவி நன்றாக டீஇன்டர்லேஸ் செய்யும் என்று நம்பலாம். நாம் செய்து தருகிறோம் என்று கிளம்பினால் பெரும்பாலும் கெடுத்துத்தான் தருவோம்.

சிக்கல் எல்லாம் டிவிடியில்தான், அதாவது அளவைக் குறைக்கும் இடத்தில்.

1080 வரிகள் என்பது உண்மையில் 540 மேல் ஃபீல்டு வரிகளும் 540 கீழ் ஃபீல்டு வரிகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தது. பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) டிவிடிக்கு அது 576 வரியாக வேண்டும். மென்பொருள் இதை ஒரே முழுப் படம் என்று நினைத்துச் சுருக்கினால், ஒவ்வொரு புது வரியும் ஏறக்குறைய இரண்டு பழைய வரிகளைக் கலந்து பிறக்கிறது. அடுத்தடுத்த அந்த இரண்டு வரிகளும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை. ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையின் கால் 1/50 நொடிக்கு முன் இருந்த இடமும் இப்போது இருக்கிற இடமும் ஒரே வரிக்குள் கரைந்துவிடுகின்றன. அதன் மேல் 'இது இன்டர்லேஸ்' என்ற முத்திரையும் விழுந்தால், டிவி அதை மறுபடி இரண்டாகப் பிரிக்க முயன்று இன்னும் குழப்பும். இரட்டைக் கை வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். இப்படிக் கலந்ததைப் பிறகு எந்த ஃபில்டராலும் பிரித்தெடுக்க முடியாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி ரெண்டர் செய்வது ஒன்றே வழி.

வேகாஸ் என்கிற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் புராஜெக்ட் அமைப்பில் டீஇன்டர்லேஸ் முறை என்று ஒன்று உண்டு. இன்டர்லேஸ் மூலத்திலிருந்து இன்டர்லேஸ் டிவிடிதானே செய்கிறோம் என்று அதை 'வேண்டாம்' என்று வைத்துவிடுவது இயல்பு. ஆனால் அளவு மாறும்போது ஃபீல்டுகளைப் பிரித்துச் சுருக்க அந்த அமைப்புதான் உதவுகிறது. 'வேண்டாம்' என்பதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் நல்லது. அசைவு நிறைந்த வீடியோ என்றால் இன்டர்போலேட் (ஒரு ஃபீல்டை வைத்து விடுபட்ட வரிகளை ஊகித்து நிரப்புவது), ஆடாத காட்சிகள் என்றால் பிளெண்ட் (இரண்டு ஃபீல்டுகளையும் கலப்பது). ரெண்டர் தரத்தை 'பெஸ்ட்'டில் வையுங்கள்.

இனி போட்டிக்கு நிற்கிற மூன்று வழிகள்.

ஒன்று, பிளெண்ட் செய்து நொடிக்கு 25 ஃபிரேம் புரோகிரசிவ் (பாதி பாதியாகப் பிரிக்காத முழுப் படங்கள்) டிவிடியாக்குவது. சீப்புக் கோடு போய்விடும், பதிலுக்குப் பேய் உருவம் வரும். அசைகிற எதுவும் தன் நிழலோடு சேர்ந்தே நகரும். இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டு, ஒரு ஃபீல்டை வீசிவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது. இது முரட்டு வழி என்று திட்டு வாங்கினாலும், டிவிடிக்கு முதல் வழியைவிட மேல். கணக்கைப் பாருங்கள்: ஒரே ஃபீல்டில் 540 வரிகள் இருக்கின்றன. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் முறை) டிவிடிக்குத் தேவை 480, பாலுக்கு 576. ஒரு ஃபீல்டு மட்டுமே கிட்டத்தட்ட போதுமான கூர்மையைத் தந்துவிடுகிறது. போவது அசைவு. நொடிக்கு 50 கணங்கள் இருந்த இடத்தில் 25 மட்டும் மிஞ்சும். நடனம், ஓட்டம், கையில் பிடித்த கேமராவின் திருப்பம் எல்லாம் தத்தித் தத்திப் போகும். வீட்டு வீடியோவுக்கே உரிய அந்த நேரில் பார்ப்பது போன்ற வழுவழுப்பு காணாமல் போகும்.

மூன்றாவது வழி கொஞ்சம் சுற்றுவழி, ஆனால் சரியான வழி. ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக விரித்து நொடிக்கு 50 புரோகிரசிவ் ஃபிரேம் ஆக்க வேண்டும். அதை 720க்கு 576 என்று சுருக்க வேண்டும். பிறகு முதல் ஃபிரேமிலிருந்து ஒற்றைப்படை வரிகளையும் அடுத்த ஃபிரேமிலிருந்து இரட்டைப்படை வரிகளையும் எடுத்து மறுபடி இன்டர்லேஸ் செய்ய வேண்டும். கழற்றியதை ஏன் திரும்ப மாட்ட வேண்டும் என்று கேட்கலாம். டிவிடி தரநிலையில் நொடிக்கு 50 முழு ஃபிரேம்களுக்கு இடமில்லை; 50 அசைவுகளையும் கொண்டுபோக இன்டர்லேஸ் மட்டுமே வண்டி. டிவிடிக்கு இறங்கும்போது காப்பாற்ற வேண்டியது அசைவைத்தான், கூர்மை தன்னால் வரும் என்று ஏற்றுக்கொண்டால் இந்த வழியை விட்டு வேறு பக்கம் போக மனம் வராது.

விரிக்கும் வேலைக்கு எந்தக் கருவி? எஃப்எஃப்எம்பெக் என்கிற இலவச வீடியோ கருவியில் யாடிஃப் என்கிற ஃபில்டர் பழையது, வேகமானது. ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் தரும்படி அதைச் சொல்ல வேண்டும். இயல்பு நிலையில் விட்டால் 25தான் தரும். பிடபிள்யூடிஃப் அதன் அடுத்த தலைமுறை. சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு குறைவு, வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏவிசிந்த், வேப்பர்சிந்த் என்கிற ஸ்கிரிப்ட் வழி வீடியோ கருவிகள் பக்கம் போனால் கியூடிஜிஎம்சி. இது அசைவைத் தொடர்ந்து கணித்து, நடுங்கும் மெல்லிய கோடுகளைக்கூட அமைதியாக நிறுத்திவிடும். விலை நேரம். கூடவே இரவில் எடுத்த காட்சிகளின் மணல்மணலான இழைவையும் ஓரளவு வழித்துவிடும். சிலருக்கு அது வரம், எனக்குப் பிடிப்பதில்லை. அதன் மேன்மை முழு 1080 அளவில் பளிச்சென்று தெரியும். 576க்குச் சுருக்கியபின் அதற்கும் பிடபிள்யூடிஃபுக்கும் வித்தியாசம் தேடத்தான் வேண்டும். டிவிடி மட்டும் நோக்கம் என்றால் பிடபிள்யூடிஃப் போதும். 50 ஃபிரேம் 1080 கோப்பாகவும் ஒரு பிரதி சேமிக்கப் போகிறீர்கள் என்றால், இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு கியூடிஜிஎம்சி செய்வது தகும்.

மறுபடி இன்டர்லேஸ் செய்யும்போது செங்குத்தாக லேசாக மென்மைப்படுத்த மறக்காதீர்கள். ஒரு வரி கனத்தில் இருக்கிற கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் வந்து அடுத்ததில் மறையும், அதாவது துடிக்கும். வீடியோவுக்கு நடுவே செருகிய புகைப்படங்களும் மெல்லிய எழுத்துகளும்தான் இதில் அதிகம் மாட்டும். எம்பெக் 2 என்கோடருக்கு (டிவிடிக்கான வடிவில் வீடியோவை அழுத்தி எழுதும் மென்பொருள்) இது இன்டர்லேஸ் என்று சொல்வதும் அவசியம். பிட்ரேட்டில் கஞ்சம் பிடித்தால் அசைவு உள்ள இடத்தில் கட்டம் கட்டமாக உடையும். 8 மெகாபிட் வைத்தால் ஒற்றை அடுக்குத் தட்டில் ஒன்றேகால் மணி நேரம் கொள்ளும்.

முன்னும் பின்னும் உதறல் மட்டும் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமலும் போகலாம்; ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கும். எச்டிவி (HDV, டேப்பில் பதியும் எச்டி முறை), ஏவிசிஎச்டி இரண்டும் மேல் ஃபீல்டு முதல். எச்டிக்கு முந்தைய டிவி (DV, தொலைக்காட்சி அல்ல) கேமரா டேப் கீழ் ஃபீல்டு முதல். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டு, DV டேப்புக்கான டெம்ப்ளேட்டில் ரெண்டர் செய்தால் வம்புதான். டிவிடி இரண்டு வரிசையையும் ஏற்கும். கோப்பு உண்மையில் எப்படி இருக்கிறதோ அப்படியே முத்திரை குத்தினால் போதும்.

டீஇன்டர்லேஸ் செய்யும் முன் இன்னொன்றையும் பாருங்கள். சில கேமராக்கள் 25 புரோகிரசிவாக எடுத்ததை இன்டர்லேஸ் பொட்டலத்துக்குள் வைத்துத் தரும். அசைவு உள்ள இடத்தில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினாலும் எங்கும் சீப்புக் கோடே இல்லையென்றால் அது அந்த வகை. அதை விரிப்பது வெட்டி வேலை, நேராகச் சுருக்கலாம்.

2011க்குப் பிறகு வந்த ஏவிசிஎச்டி 2.0 கேமராக்களில் 1080 அளவில் 50 புரோகிரசிவ் எடுத்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். சாதாரண புளூரே தரநிலை அதை ஏற்காது. 1080 இன்டர்லேஸ் ஆக்கலாம், அல்லது 720 அளவில் 50 புரோகிரசிவாக இறக்கலாம். ஆடாமல் எடுத்த நிலக்காட்சி என்றால் முதலாவது. பிள்ளைகள் ஓடியாடுகிற வீடியோ என்றால் நான் யோசிக்காமல் 720ஐ எடுப்பேன்: ஃபீல்டு வரிசைத் தலைவலி இல்லை, கோடுகள் துடிக்காது, எந்த டிவியும் அதை டீஇன்டர்லேஸ் செய்து கெடுக்க முடியாது. டிவிடிக்கு என்றால் விரிக்கும் படி மிச்சம். சுருக்கி, நேராக இன்டர்லேஸ் செய்துவிடலாம்.