பக்கவாட்டில் திறக்கும் மாதவிடாய் உள்ளாடை: வெல்க்ரோவா, கொக்கியா?

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு, காலை நுழைத்து இடுப்புவரை இழுக்கும் உள்ளாடை மாதவிடாய் நாட்களில் பெரும்பாடு. இரு பக்கமும் திறக்கும் உள்ளாடையை உட்கார்ந்தபடியோ படுத்தபடியோ மாற்றிவிடலாம். பக்கங்களை மூட எது நல்லது?

ரவிக்கைக் கொக்கி தட்டையாக இருக்கும், எத்தனை முறை துவைத்தாலும் உழைக்கும். ஆனால் அதை இடுப்போரத்தில் தடவிப் பார்த்து மாட்ட விரல் நுனியில் வலு வேண்டும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வலு இருப்பதில்லை. வெல்க்ரோவின் முனையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துணி வளையம் தைத்துவிட்டால், விரலால் பற்றாமலேயே இழுத்துத் திறக்கலாம். நூலும் முடியும் சிக்கினால் பிடிப்பு தளரும். ஒட்டி மூடிய பிறகு துவைத்தால் ஓரளவு தாங்கும். சொரசொரப்பான பக்கம் தோலைத் தொடாதபடி உள்ளே துணி மடிப்பு கட்டாயம். உணர்ச்சியற்ற தோலில் உரசல், புண்ணான பிறகே தெரியவரும்.

என் தேர்வு வெல்க்ரோ. விரல்கள் நன்றாக இயங்குபவர் கொக்கியை எடுக்கலாம். எதுவானாலும் திறப்பு இடுப்பின் முன்பக்கமாக வரட்டும். உட்காரும் எலும்புக்கு அடியில் தடித்த தையல் வேண்டவே வேண்டாம். உறிஞ்சும் அடுக்கும் பின்புறம் நன்றாக நீளவேண்டும், உட்கார்ந்தே இருப்பவருக்கு உதிரம் பின்பக்கமாகத்தான் கசிகிறது.