சாண்டோரினி சுற்றுலா: எரிமலையைப் பார்க்கப் போனால் கொடுத்த காசு வீணாகாது

கிரீஸின் சாண்டோரினித் தீவுக்குப் போய்வருபவர்களில் பலர் இயா ஊரின் நீலக் குவிமாடங்களையும் அங்கே தெரியும் அந்தி வானத்தையும் வைத்தே தீவுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த அளவுகோலில் தீவுக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும். சந்துகளில் நெரிசல், கால்டெராவை, அதாவது எரிமலை சரிந்து உண்டான கடல் நிறைந்த பெரும்பள்ளத்தைப் பார்த்த மேசை என்றால் காப்பிக்குக்கூடக் கூடுதல் விலை, நல்ல இடத்தில் நிற்க இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் இது ஒரு எரிமலைத் தீவு. அந்த எரிமலையை மையமாக வைத்து நாட்களைத் திட்டமிட்டால், ஏஜியன் கடலில் இதற்கு ஈடான இடம் கிடையாது. மூன்று முழு நாட்கள் போதும். கப்பலில் வந்து ஆறு மணி நேரம் மட்டும் தங்குபவர்களுக்கு இந்தச் சுற்றுலாவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தீவின் தலைநகரான ஃபிராவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தெரியும் கடல்தான் கால்டெரா. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பள்ளம், சுற்றிலும் 300 மீட்டர் வரை உயரும் செங்குத்துப் பாறை. பல வெடிப்புகளில் சரிந்து உருவான இந்தப் பள்ளத்தைக் கடைசியாகப் பெரிதாக்கியது கி.மு. 1600 வாக்கில் நடந்த மினோவன் (கிரீட் தீவின் வெண்கலக் கால நாகரிகம்) காலத்துப் பெருவெடிப்பு. பாறைச் சுவரைக் கவனித்துப் பாருங்கள்: கருப்பு எரிமலைக் குழம்பும் சிவந்த கசடும் மாறி மாறிப் படிந்திருக்க, எல்லாவற்றுக்கும் மேலே வெளிறிய நுரைக்கல் அடுக்கு. அந்த மேலடுக்கு முழுவதும் அந்த ஒரே வெடிப்பில் கொட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்தின் சிமென்டுக்காக இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனதும் இந்தச் சாம்பலைத்தான்.

இந்தச் சுவரைக் கீழேயிருந்து பார்க்கவும், பள்ளத்தின் நடுவே முளைத்திருக்கும் நியா கமேனித் தீவில் கால் வைக்கவும் படகுப் பயணம்தான் வழி. சுற்றுலாவில் ஒன்றுக்கு மட்டும் செலவழிக்க முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் நியா கமேனியும் வெந்நீர் ஊற்றும் அடங்கும். ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் தீராசியாத் தீவில் மதிய உணவுக்கும் நிறுத்துவார்கள். பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: நியா கமேனியில் இறக்கிவிடுவார்களா? விலை கூடிய கட்டமரான்களில் (இரட்டை உடல் படகுகளில்) பெரும்பாலானவை தீவை ஓரமாகச் சுற்றிவிட்டுக் குளிக்க நிறுத்திச் சாப்பாடு போடும், கரையில் இறக்காது. மலிவான பெரிய மரப்படகுதான் இறக்கிவிடும். எரிமலை பார்க்க வந்தவருக்கு அந்த மலிவான டிக்கெட்டே சரியானது. தீவில் இறங்குவதற்கு வாங்கும் நுழைவுக் கட்டணம் பல டிக்கெட்டுகளில் சேர்ந்திருக்காது. யூரோ சில்லறை கையில் இருக்கட்டும்.

பெரும்பாலான மரப்படகுகள் ஃபிராவுக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்திலிருந்து கிளம்புகின்றன. இறங்க மூன்று வழிகள் உண்டு. கேபிள் கார் சில நிமிடங்களில் இறக்கிவிடும். ஆனால் கப்பல் பயணிகள் மேலே வருவதும் இதில்தான் என்பதால், இரண்டு மூன்று கப்பல் நிற்கும் நாளில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சிக்கல் பெரும்பாலும் திரும்பி ஏறும்போதுதான். அடுத்தது படிக்கட்டு, 580-க்கும் மேற்பட்ட படிகள். தேய்ந்து வழவழப்பான கற்களில் கழுதைச் சாணமும் சேர்ந்து வழுக்கும், செருப்போடு இறங்கவே கூடாது. மூன்றாவது வழி கோவேறு கழுதைச் சவாரி. 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாது என்று 2018-இல் கிரீஸ் அரசு விதி கொண்டுவந்தது. வெயிலில் அந்த ஏற்றத்தைப் பார்த்தவர்கள் அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று கேட்க மாட்டார்கள். இந்தச் சவாரி வேண்டாம். படியில் நடக்கும்போது கழுதைகள் கூட்டமாக வந்தால் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், அவை வழிவிடாது.

நியா கமேனியின் சிறு துறையில் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று படகுகளைத் தாண்டித்தான் கரையில் இறங்க முடியும், ஆகவே முதியவர்களுக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். அங்கிருந்து உச்சிக்கு 20 முதல் 30 நிமிட நடை. தீவின் உயரம் 130 மீட்டருக்கும் குறைவு, ஆனால் பாதை முழுக்க உதிரிச் சரளை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள், எனவே மூடிய ஷூ கட்டாயம். நிழல் கிடையாது, தண்ணீரும் விற்பதில்லை. ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துப்போங்கள், கழிப்பறையைப் படகிலேயே பயன்படுத்திவிடுங்கள்.

பாதையின் இருபுறமும் கிடக்கும் கரும்பாறைகளில் பெரும்பாலானவை சில நூற்றாண்டு வயதுகூட ஆகாதவை. இந்தத் தீவு கடலிலிருந்து எழத் தொடங்கியதே 1707-இல். கடைசியாக வெடித்தது 1950. குழம்பு வெளியே ஆறி உறைந்தபிறகும் உள்ளே நகர்ந்துகொண்டிருந்ததால் மேலோடு உடைந்து, கூர்மையான கட்டிகளாகக் குவிந்திருக்கிறது. தடுமாறினால் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், கை கிழியும். உச்சிப் பள்ளங்களின் விளிம்பில் சில இடங்களில் ஆவி கசிகிறது, அந்த வாய்களைச் சுற்றிக் கந்தகம் மஞ்சள் படிவாக ஒட்டியிருக்கும். குழம்பு கொதிப்பதைப் பார்க்கலாம் என்று வருபவர்கள் ஏமாறுவார்கள். பார்க்கக் கிடைப்பது ஆவியும் வாடையும் வெதுவெதுப்பான மண்ணும்தான். அதோடு, தீவின் ஊர்கள் எல்லாம் வெடித்த மலையின் மிச்ச விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பது இந்த உச்சியிலிருந்துதான் சரியாகப் புரிகிறது.

அடுத்த நிறுத்தமான பாலியா கமேனியின் வெந்நீர் ஊற்று பெயருக்கேற்றபடி இல்லை. 30 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்புதான். படகு ஊற்றுவரை போகாது, ஆழமான குளிர்ந்த கடலில் குதித்துச் சில நிமிடம் நீந்தித்தான் சேர வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் படகிலேயே இருந்துவிடுவது நல்லது. நீரில் உள்ள இரும்பு வெளிர்நிறத் துணியில் துருக்கறையாக ஏறிவிடும், பிறகு போகாது. வெள்ளி நகைகளைக் கந்தகம் கருக்கும், கழற்றி வைத்துவிடுங்கள். ஊற்றைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

இரண்டாவது நாளை ஃபிராவிலிருந்து இயா வரையிலான விளிம்புப் பாதைக்கு ஒதுக்கலாம். கட்டணம் இல்லை. சுமார் 10 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். வழியிலுள்ள இமெரோவிக்லி ஊர் வரை கல் பாவிய தெரு, பிறகு மண்ணும் சரளையும். கடைசிப் பகுதியில் இயாவை நோக்கி இறங்கும் சரிவில் நுரைக்கல் துகள் காலடியில் உருளும். கோடையில் காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் ஒதுங்க நிழல் இல்லை. இமெரோவிக்லியைத் தாண்டுமுன் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்காரோஸ் பாறைக்கு இறங்கி ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஒருகாலத்தில் தீவின் தலைநகராக இருந்த கோட்டையின் இடிபாடு அது. திரும்ப ஃபிராவுக்குப் பஸ் உண்டு.

அக்ரோத்தீரி அகழாய்வுத் தளத்தைப் பயணத் திட்டத்தில் விடவே கூடாது. பெருவெடிப்பின் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊர் இது. கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பைரிடான் மரினாட்டோஸ் 1967-இல் அகழத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கழிவுநீர் வாய்க்கால், வரிசையாக நிற்கும் தானியச் சாடிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மனித உடல்கள் கிடைக்கவில்லை. முன்னறிகுறியாக வந்த நிலநடுக்கங்களால் மக்கள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும். 2005-இல் கூரை இடிந்து ஒரு பயணி இறந்தார். புதிய கூரையுடன் 2012-இல் மீண்டும் திறந்தார்கள். முழுவதும் கூரைக்குள் என்பதால் நடுப்பகலுக்கு ஏற்றது. தளத்தில் சுவரோவியங்கள் இல்லை என்பது தெரியாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும். நீலக் குரங்குகள் உள்ளிட்ட சில ஃபிராவின் வரலாற்றுக்கு முந்தைய காலத் தேரா (சாண்டோரினியின் பழம்பெயர்) அருங்காட்சியகத்திலும், குத்துச்சண்டைச் சிறுவர்களும் வசந்தக் காட்சியும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலும் உள்ளன. முதலில் தளம், பிறகு ஃபிரா அருங்காட்சியகம் என்று போனால் ஓவியம் எந்தச் சுவரில் இருந்தது என்று மனம் தானாகப் பொருத்திக்கொள்ளும்.

அந்திக்கு இயாக் கோட்டைக்குப் போகாதீர்கள். காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு வருவார்கள், முதல் இரண்டு பஸ்ஸில் ஏறுவது கடினம். அதே சூரியன் இமெரோவிக்லியிலும் ஃபிராவை ஒட்டிய ஃபிரோஸ்தெஃபானி ஊரிலும் தெரிகிறது. வாகனம் இருந்தால் தென்மேற்கு முனையில் உள்ள அக்ரோத்தீரி கலங்கரை விளக்கம் இன்னும் நல்லது. இயாவைக் காலை எட்டு மணிக்கு முன் பாருங்கள், சந்துகள் காலியாக இருக்கும்.

கடற்கரைகளைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரிஸாவிலும் கமாரியிலும் கருமணல், கருங்கூழாங்கல். மதியம் வெறுங்காலில் நடக்க முடியாது, பெரிஸாவில் நீருக்குள் வழுக்கும் பாறைத் தட்டுகள் உண்டு. செங்கடற்கரையில் பாறை சரியும் ஆபத்து இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி இறங்காமல் மேட்டிலிருந்து பார்த்துத் திரும்புங்கள், படம் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

தங்க ஃபிராவே வசதி, ஏனென்றால் பஸ்கள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இயாவிலிருந்து பெரிஸாவுக்குப் போகவும் ஃபிராவில் மாற வேண்டும். டிக்கெட்டைப் பஸ்ஸுக்குள் கண்டக்டரிடமே ரொக்கமாக வாங்கலாம். பாறையில் குடைந்த அறைகளுக்குப் பதிவு செய்யுமுன் எத்தனை படி என்று கேளுங்கள். நூறு படி சாதாரணம், லிஃப்ட் இருக்காது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது விடுமுறையாக இருக்காது. அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவுக்கும் அரசு வரி தனி, நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். நாற்சக்கர பைக்கை வாடகைக்கு எடுக்குமுன் யோசியுங்கள்: குறுகிய வளைவு, பக்கத்தில் பஸ், ஓரத்தில் பள்ளம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமம் என்றால், சில நாடுகளின் உரிமம் தவிர, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்பார்கள்.

சாப்பாட்டில் மண்ணின் விளைச்சலைத் தேடுங்கள். மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துத் தரும் ஃபாவா, சிறு தக்காளியில் செய்யும் வடை, வெள்ளைக் கத்திரிக்காய். சைவர்கள் இவற்றை வைத்தே மூன்று நாளும் ஓட்டிவிடலாம். திராட்சைக் கொடிகளைக் காற்றிலிருந்து காக்க, கூடை பின்னுவதுபோலத் தரையோடு தரையாகச் சுற்றி வளர்க்கிறார்கள். பிர்கோஸ் ஊர்ப் பக்கம் போகும்போது நின்று பார்க்கத் தகுந்தது.

2025 ஜனவரி, பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கங்களால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். போகுமுன் கிரீஸ் அதிகாரிகளின் அறிவிப்பைப் பாருங்கள். தரை அதிர்ந்தால் பாறை விளிம்பிலிருந்தும், பழைய துறைமுகம், இயாவின் கீழுள்ள அமூடி போன்ற பாறையடித் துறைகளிலிருந்தும் உடனே விலகுங்கள். மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் இறுதி ஆகியவை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று பலமாக வீசும்போது அதிவேகப் படகுகள்தான் முதலில் ரத்தாகும். ஏதென்ஸை ஒட்டிய பைரேயஸ் துறைமுகத்துக்கு எட்டு மணி நேரம் எடுக்கும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் ஓடும். ஊர் திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், இடையில் ஒரு நாளாவது விட்டுக் கப்பல் டிக்கெட் எடுங்கள். அந்தக் கப்பல் வருவது ஃபிராவின் கீழுள்ள பழைய துறைமுகத்துக்கு அல்ல, தெற்கே தனியாக உள்ள அதினியோஸுக்கு. மலைவளைவுச் சாலை நெரியும் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஃபிராவைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.